எம்.ஜி.பி. ரோட்ஸ்டருக்குப் புதிய பாடித் தகடுகள்: கதவு வாயிலைத் திருத்திய பிறகே மட்கார்டு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கார் 1971-இல் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: துணிக்கூரை, குரோம் பம்பர், 1798 சிசி எஞ்சின். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள எங்கள் பட்டறைக்கு அது ஓடியேதான் வந்தது. உரிமையாளர் கேட்டவை இரண்டு. துருப்பிடித்த முன் மட்கார்டுகள் இரண்டையும் மாற்றித் தர வேண்டும். இடப்பக்கக் கதவு சாத்தும்போது மேல் மூலையில் உரசுவதை நிறுத்த வேண்டும். மட்கார்டுகளை அவரே வாங்கி அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். இவ்விரண்டையும் அவர் தனித்தனிக் குறைகளாக எண்ணியிருந்தார். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதும், மட்கார்டு மாட்டுவது இந்தக் காரைப் பொறுத்தவரை கடைசியில் வர வேண்டிய வேலை என்பதும் முதல் அளவெடுப்பிலேயே தெரிந்துவிட்டன.

ஏன் இந்தக் காரில் தகடு வெறும் தகடு அல்ல

எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. தனிச் சேசிஸின் மேல் பாடியை உட்கார வைத்துக் கட்டப்பட்ட கார். அதில் மட்கார்டு துருப்பிடித்து உதிர்ந்தாலும் சேசிஸ் காரைத் தாங்கும். 1962-இல் அறிமுகமான எம்.ஜி.பி.யில் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இணைத்து நடுவில் வளையாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு, கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் சில் எனப்படும் பெட்டிகளுக்கும், நடுவிலுள்ள கியர்பாக்ஸ் சுரங்கத்துக்கும் உரியது. 1965-இல் வந்த ஜி.டி. வகைக்குக் கூரையும் சேர்ந்து வலுவூட்டுகிறது. ரோட்ஸ்டருக்கு அந்த உதவி இல்லாததால், சில் நைந்தால் கார் நடுவில் தொய்கிறது. தொய்வு முதலில் தென்படும் இடம் கதவு வாயில். நடு இறங்கும்போது முன் தூணின் தலையும் பின் தூணின் தலையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதால், கதவின் பின்விளிம்பில் மேலே இடைவெளி குறுகி, கீழே அகலும்.

சில் வெளியே பார்ப்பதற்கு ஒரே வளைந்த தகடுபோலத் தோன்றினாலும் உள்ளே நான்கு உறுப்புகளைக் கொண்டது. கண்ணுக்குத் தெரிவது வெளிச்சில். காலடித் தளத்தோடு சேர்வது உட்சில். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நின்று பெட்டியை இரண்டாகப் பிரிப்பது ஒரு தடுப்புத் தகடு. அடியில் முழு நீளத்துக்கும் ஓடி இவற்றை மூடுவது, கோட்டை மதிலின் பல்வரிசைபோல மடிக்கப்பட்ட அடிப்பட்டை. இந்த நான்கும் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருந்தால்தான் அது பெட்டி. ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் தனித்தனித் தகடுகளே.

துரு தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு, மட்கார்டுக்குள் பின்புறமாகப் பொருத்தப்பட்ட சேற்றுத் தடுப்புத் தகட்டின் ரப்பர் விளிம்பு நைந்ததும் அதைத் தாண்டிப் போய், மட்கார்டின் கீழ்ப் பின்மூலையில் படிகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதோடு சேர்ந்து, ஈரம் காயாத பொட்டலம்போல ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குகிறது. அந்த மூலைக்கு நேர் பின்னால் இருப்பது சில்லின் முன்முனை. மட்கார்டில் வெளியே கொப்புளம் தெரியும்போது, அதற்குப் பின்னாலுள்ள சில் ஏற்கெனவே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சில் கதவின் நீளத்தோடு முடிவதில்லை. முன்புறம் மட்கார்டின் அடிக்குள்ளும், பின்புறம் பின் மட்கார்டின் முன்மூலைக்குள்ளும் நீண்டு செல்கிறது. ஆகவே சில்லை முறையாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டியே ஆக வேண்டும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. பின் மட்கார்டோ பாடியோடு பற்றவைக்கப்பட்டது. இந்த உழைப்பைத் தவிர்க்கத்தான், கதவின் நீளத்துக்கு மட்டும் வெட்டிய ஒரு மேல்மூடித் தகட்டைப் பழைய துருவின்மேலேயே ஒட்டவைக்கும் வழக்கம் பரவியது. ஆண்டுதோறும் சாலைத்தகுதிச் சோதனைக்குப் போகும் நாளில் பார்வைக்கு அது சில்தான். வலுவுக்கு அது ஒன்றுமில்லை.

பார்த்ததும் அளந்ததும்

கார் சக்கரங்களின்மேல் சமதரையில் நிற்கும்போதே, எதையும் கழற்றுவதற்கு முன், எல்லா இடைவெளிகளையும் குறித்துக்கொண்டோம். இடப்பக்கக் கதவின் பின்விளிம்பில் மேலே 2 மி.மீ., கீழே 7 மி.மீ. வலப்பக்கத்தில் மேலே 4, கீழே 5. தொய்வு இடப்பக்கத்தில்தான் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. நடுவில் ஜாக்கி கொடுக்கும் சதுரக் குழாயின் அருகே சில்லை அழுத்தியபோது தகடு உள்வாங்கி, விட்டதும் டக்கென்று வெளியே வந்தது.

வலப்பக்கம் உறுதியாகவே இருந்தது. மட்கார்டைக் கழற்றிச் சில்லின் முனையைக் கண்ணால் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டோம். இடப்பக்க மட்கார்டைக் கழற்றியபோதுதான் முழு நிலவரம் வெளிப்பட்டது. எஞ்சின் அறை ஓரமாக மேலே ஓடும் போல்ட்டுகள் எளிதாக வந்தன. முன் தூணோரத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து எட்ட வேண்டியவை பொறுமையைச் சோதித்தன. முன்கண்ணாடிச் சட்டத்தை முன்பே கழற்றி வைத்திருந்ததால் அந்த மூலையில் கைக்கு இடம் கிடைத்தது. கீழே சில்லோடு சேரும் போல்ட்டுகள் துருவாகவே வந்தன. மட்கார்டு விலகியதும் தெரிந்த சில்லின் முனையில் மூன்று அடுக்குகள் இருந்தன: ஆலையின் அசல் தகடு வலைபோல, அதன்மேல் ஒரு மேல்மூடித் தகடு, அதன்மேல் இன்னொன்று. மேலே கனமான பட்டி. இரண்டு பழுதுபார்ப்புகளுக்கும் இடையே துருவை யாரும் அகற்றவில்லை.

இப்படி ஒரு சில் பல ஆண்டுகள் சாலையில் ஓடியது எப்படி என்று கேட்கலாம். பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சலுகையைக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆண்டுக்கொருமுறை காருக்கு அடியில் விளக்கடித்துப் பார்க்கும் ஒரே ஆளும் அதோடு இல்லாமல் போனார்.

எந்தத் தகடு, எங்கிருந்து

1980 அக்டோபரில் எம்.ஜி.யின் அபிங்டன் ஆலை மூடப்படும்வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி.கள் தயாராயின. இந்த எண்ணிக்கையால்தான் தகடுகளுக்கு இன்றும் சந்தை இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் ஆலையின் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-இல் எம்.ஜி.பி.யின் முழுப் பாடியையே புதிதாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1992-இல் ரோவர் வெளியிட்ட ஆர்.வி.8 என்ற கார் அந்த முயற்சியின் துணையோடுதான் பிறந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் விட்னியிலிருந்து முழுப் பாடியும் தனித் தகடுகளும் வருகின்றன. இவை தவிர, அசல் அச்சு இல்லாமல் பழைய தகட்டைப் பார்த்துப் படியெடுத்துச் செய்த மாற்றுத் தகடுகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

முழுப் பாடியை வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றலாமே என்ற கேள்வி இங்கும் எழுந்தது. நான்கு மூலையும் போன காருக்கு அது நியாயமான தீர்வு. இந்தக் காரில் வலப்பக்கமும், காலடித் தளமும், முன்சட்டமும் நன்றாக இருந்ததால் அதைத் தவிர்த்தோம். இடப்பக்கத்துக்கு வெளிச்சில், தடுப்புத் தகடு, அடிப்பட்டை, முன் தூணின் அடித்தகடு, பின் மட்கார்டின் கீழ்ப்பாதி ஆகியவற்றை அசல் அச்சில் செய்தவையாகவே வரவழைத்தோம். உட்சில்லில் முன்முனையில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு ஒட்டு தேவைப்பட்டது. அதைப் பட்டறையிலேயே 1.2 மி.மீ. தகட்டில் மடித்துக்கொண்டோம்.

உரிமையாளர் கொண்டுவந்த மட்கார்டுகள் இரண்டும் மாற்றுத் தகடுகள். அவற்றைப் பற்றிப் பின்னால் வரும்.

வெட்டுவதற்கு முன் கட்டுதல்

கூரையில்லாத காரின் சில்லை வெட்டுவது, பாலத்தின் உத்திரத்தை அறுப்பதற்குச் சமம். எனவே கதவைக் கழற்றியதும் 25 மி.மீ. சதுரக் குழாயால் வாயிலைக் கட்டினோம். முன் தூணில் கீல் மாட்டும் துளைகளில் ஒரு பட்டையும், பின் தூணில் பூட்டுக்கொண்டி மாட்டும் துளைகளில் மற்றொரு பட்டையும் போல்ட்டில் நிறுத்தி, இரண்டையும் நேராகவும் குறுக்காகவும் இணைத்தோம். நேர்க்குழாயின் நடுவே திருகினால் நீண்டு சுருங்கும் டர்ன்பக்கிள் ஒன்றைச் சேர்த்தது இந்த வேலையின் முக்கியமான முடிவு. வெறும் குழாயை அப்படியே பற்றவைத்துவிட்டால், தொய்ந்த வாயிலைத் தொய்ந்த நிலையிலேயே உறைய வைத்ததாகிவிடும். புதுச் சில்லும் அந்தத் தொய்வுக்கே மாட்டப்படும், கதவு முன்போலவே உரசும். மறுசீரமைப்பு முடிந்த ரோட்ஸ்டர்களில் கதவு சரியாகச் சாத்தாமல் இருப்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதன்மையானது.

காரை எங்கே தாங்க வேண்டும் என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து வேறுபடும். இரு முனைகளிலும் பிடித்துக் காரை உருட்டிப் பார்க்கும் சுழல் சட்டத்தில் ஏற்றினால் வெல்டிங் செய்வது சுகம். ஆனால் முனைகளில் மட்டும் பிடித்த காரின் சில்லை வெட்டினால் நடு தன் எடையிலேயே இறங்கும். கார் சாலையில் எங்கே எடை சுமக்கிறதோ அங்கேயே, அதாவது முன் குறுக்குச்சட்டத்தின் அடியிலும் பின் அச்சின் அடியிலும், ஸ்டாண்டு கொடுத்து மட்டம் பார்த்தோம். குனிந்தும் படுத்தும் பற்றவைக்க வேண்டியிருந்தாலும் இதுவே சரி என்பது என் கருத்து.

இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. இந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் இருக்கைகளுக்குப் பின்னால், தளத்துக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எளிது. இரண்டையும் வெளியே எடுத்தோம், ஆல்டர்னேட்டர் இணைப்பைப் பிரித்தோம், பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்தோம், பாடியின் அடியில் ஓடும் பெட்ரோல் குழாயையும் விலக்கினோம்.

பித்தளைக் கோடு

இவ்வளவுக்கும் பிறகு, எதை அளவாக வைத்து வாயிலைத் திருத்துவது என்ற கேள்வி வந்தது. பொதுவாக இதற்கு விடை அந்தக் காரின் கதவேதான். கதவு தனி உறுப்பு. அது சில்லோடு சேர்ந்து தொய்வதில்லை. ஆகவே கதவை மாட்டி, அதைச் சுற்றி இடைவெளி சீராகும்வரை பாடியைத் தூக்கினால் வாயில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.

இடப்பக்கக் கதவின் வண்ணத்தைச் சுரண்டியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. பின்விளிம்பின் மேல் மூலையில், பச்சை வண்ணத்துக்கும் பழுப்புப் பிரைமருக்கும் கீழே, விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு மினுங்கியது. பித்தளை. முன்பு ஒருவர், உரசும் கதவைச் சரிசெய்ய, கதவின் மடித்த விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்திருக்கிறார். தேய்த்ததில் மடிப்பு அறுந்து மேல்தகடும் உள்தகடும் பிரிந்திருக்கின்றன. அவற்றைப் பித்தளைப் பற்றால் ஒட்டி மூடியிருக்கிறார். விளிம்பு மேலே ஏறக்குறைய 3 மி.மீ. குறைந்திருந்தது. அதாவது, தொய்வை நீக்காமல் தொய்வுக்கு ஏற்பக் கதவையே வெட்டியிருந்தார்கள். அதன் பிறகும் சில் மேலும் நைந்து, வாயில் மேலும் குறுகி, கதவு மறுபடி உரசத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் அளந்த 2 மி.மீ. என்பது அப்படித் தேய்த்த கதவோடு எடுத்த அளவு. தேய்க்காத கதவாக இருந்திருந்தால் அது சாத்தியே இருக்காது.

இந்தக் கதவை அளவாகக் கொண்டு வாயிலைத் திருத்தியிருந்தால், இடைவெளி கண்ணுக்குச் சீராக வந்திருக்கும், பாடி கோணலாகவே நின்றிருக்கும். பிறகு முன் மட்கார்டை மாட்டும்போது மேல் ஓரம், முன்கண்ணாடிக்கு அடியில் குறுக்கே ஓடும் கவுல் தகட்டோடு சேராது, பானட் ஒரு பக்கம் ஏறி நிற்கும். அந்தக் கட்டத்தில் பழி முழுவதும் புது மட்கார்டின்மேல் விழும். புதுத் தகடு பொருந்தவில்லை என்று எங்களிடம் வரும் புகார்களில் ஒரு பகுதியாவது இப்படிப்பட்டதே என்று நினைக்கிறேன். தகட்டின் குறையும் உண்மையில் உண்டு. ஆனால் அதைத் தீர்ப்பதற்கு முன் பாடியின் குறையைத் தீர்த்திருக்க வேண்டும்.

அளவுக்காக இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினோம். ஒன்று, இதே வகை ரோட்ஸ்டரிலிருந்து கழற்றிய, விளிம்பில் கைபடாத ஒரு பழைய இடப்பக்கக் கதவை வாங்கி வந்தோம். அதன் தகட்டில், முக்கோணக் கண்ணாடியின் பின்காலுக்கு அடியில், எம்.ஜி.பி. கதவுகளில் அடிக்கடி காணும் வெடிப்பு இருந்தது. அளவுக்கு அது தடையில்லை. மற்றொன்று, வலப்பக்க வாயிலில் முன் தூணின் மேல் கீல் துளையிலிருந்து பின் தூணின் அடிவரையும், கீழ்க் கீல் துளையிலிருந்து பின் தூணின் தலைவரையும் நீள அளவுகோலால் அளந்து, அதே இரண்டு மூலைவிட்டங்களை இடப்பக்கத்தில் எதிர்பார்த்தோம். கதவு சொன்னதும் மூலைவிட்டம் சொன்னதும் ஒத்துப்போனால் மட்டுமே பற்றவைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தூக்கலும் பற்றவைத்தலும்

பழைய மேல்மூடித் தகடுகளை முதலில் அறுத்தெடுத்தோம். அவை போனதும் பாடி சற்றுத் தளர்ந்தது. அவ்வளவு நாளும் அதைக் கோணலாகப் பிடித்துக்கொண்டிருந்தவையும் அவைதாம். இருக்கைகளுக்குக் கீழே அகலவாட்டில் ஓடும் குறுக்குச்சட்டத்தின் இடமுனையில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியைக் கால் திருகு, அரைத் திருகாக ஏற்றினோம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் டர்ன்பக்கிளை அதற்கேற்ப நீட்டினோம். வாங்கிவந்த கதவை மாட்டிச் சாத்தி இடைவெளியைப் பார்ப்பதற்காக, கட்டுச் சட்டம் கதவுக்கு உட்புறமாக அமையும்படி முதலிலேயே வளைத்துச் செய்திருந்தோம். மேலே 4.5, கீழே 5 என்று வந்தபோது மூலைவிட்டங்கள் வலப்பக்கத்தோடு 1 மி.மீ.க்குள் ஒத்தன. அதற்குமேல் துல்லியம் தேட வேண்டியதில்லை என்று அங்கே நிறுத்தினோம்.

வெறும் தகட்டில் 4.5 என்பது வண்ணம் பூசிய பிறகு 4 அளவில் நிற்கும். பிரைமரும் வண்ணமும் இரு விளிம்புகளிலும் சேர்ந்து அரை மில்லிமீட்டர்வரை தின்றுவிடும். இதைக் கணக்கில் வைக்காமல் வெறும் தகட்டிலேயே அழகு பார்த்து இடைவெளியைக் குறுக்கி வைத்தால், புது வண்ணம் விளிம்பில் உரசிப் பொறியும்.

பிறகுதான் துருப்பிடித்த அசல் சில்லை வெட்டினோம், அதுவும் ஒரேயடியாக அல்ல. அடிப்பட்டையின் முன்பாதியை வெட்டிப் புதியதைப் பொருத்தி ஆங்காங்கே பற்றவைப்புப் பொட்டு வைத்த பிறகு பின்பாதி. அதன்மேல் தடுப்புத் தகடு. ஒவ்வொரு கட்டத்திலும் கதவைச் சாத்திப் பார்த்தோம். வெளிச்சில்லைப் பற்றவைக்காமல் கிளாம்ப்பிலும் சிறு ஸ்குரூவிலும் நிறுத்தி, கதவின் அடியோரத்தோடு அதன் வளைவு ஓடுவதைப் பார்த்தோம். பின் மட்கார்டின் கீழ்ப்பாதியையும், முன் மட்கார்டையும் அதே நிலையில் தற்காலிகமாக மாட்டினோம். இது முக்கியம். வெளிச்சில் மட்டும் தனியாக நன்றாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றலாம். மட்கார்டின் அடிமூலை அதன்மேல் வந்து படும்போதுதான் சில் 2 மி.மீ. வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்பது தெரியும். இங்கே முன்முனை சற்று வெளியே நின்றது. முன் தூணின் அடித்தகட்டு விளிம்பைத் தட்டி உள்ளே தள்ளியதும் சரியானது.

ஆலையில் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களிலெல்லாம், மேல்தகட்டில் 6 மி.மீ. துளையிட்டு, அடித்தகட்டோடு, கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கால் நிரப்பும் முறையைக் கையாண்டோம். அசல் பொட்டுகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல், ஏறக்குறைய 30 மி.மீ. இடைவெளிக்கு ஒன்றாக வைத்தோம். கம்பி 0.6 மி.மீ.; வாயு ஆர்கானோடு சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு கலந்தது. புதுத் தகடுகளில் பூசிவரும் கறுப்புப் பூச்சு பயணத்தில் துரு வராமல் காப்பதற்கானது. அதன்மேல் பற்றவைத்தால் பொட்டு நுரைத்துப் பொள்ளலாகும் என்பதால் விளிம்புகளில் அதைச் சுரண்டி, பற்றவைப்பைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரை இரு முகங்களிலும் பூசினோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் பற்றவைக்காமல் நடுவில் ஒன்று, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்ததால் சூடு ஓரிடத்தில் சேரவில்லை. கட்டுச் சட்டத்தை அவிழ்த்த பிறகு கதவின் மேல் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறியது.

பின் மட்கார்டின் கீழ்ப்பாதியைச் சேர்க்கும் கோட்டைத் தேர்வது தனிக் கலை. எம்.ஜி.பி.யின் பக்கவாட்டில் முன்விளக்கின் பின்னாலிருந்து பின்விளக்குவரை ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. அதன்மேல் பளபளக்கும் அலங்காரப் பட்டை உட்காரும். தட்டையான தகட்டின் நடுவில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும், பிறகு பட்டி பூசி மறைக்க வேண்டிவரும். மடிப்புக் கோட்டை ஒட்டி வெட்டிச் சேர்த்தால் மடிப்பே தகட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும், சேர்ப்பையும் பட்டை மறைக்கும். அங்கேயே வெட்டினோம். விரலகலத்துக்கு ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, டோலி என்ற இரும்புத் தாங்குகட்டையும் சுத்தியலும் கொண்டு தட்டி நீட்டி, அடுத்த பொட்டு. இந்த மூலையில் பட்டி மிக மெல்லிசாகத்தான் தேவைப்பட்டது.

கடைசியில் மட்கார்டு

வாயில் சரியான பிறகு கதவு, அதன் பிறகு மட்கார்டு, அதன் பிறகு பானட் என்பதே வரிசை. பின்னால் அசைக்க முடியாதது பின் மட்கார்டு; எனவே கதவை அதோடு ஒட்டி நிறுத்த வேண்டும். கீலுக்குப் பின்னாலுள்ள ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் கதவை முன்பின்னாக நகர்த்தி, மடிப்புக் கோடு பின் மட்கார்டின் கோட்டோடு நேராகும்வரை உயர்த்தினோம். காரின் சொந்தக் கதவையே திரும்ப மாட்டுவது என்று முடிவானதால், தேய்த்த விளிம்பில் பித்தளையை முழுவதும் அகற்றிப் புதுத் தகட்டுப் பட்டை ஒட்டி, வாங்கிவந்த கதவிலிருந்து வெட்டிய அட்டை வார்ப்பைப் பார்த்து வடிவம் கொடுத்தோம். பித்தளை ஒட்டியிருக்கும் இரும்பில் மிக் வெல்டிங் பிடிக்காது, வெடிப்பு விடும் என்பதால் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

இனி உரிமையாளரின் மட்கார்டுகள். வலப்பக்கத்துக்கானது ஒருவாறு பொருந்தியது. போல்ட் துளைகளில் இரண்டை நீள்வட்டமாக அரத்தால் அகட்டியதும், கதவோர விளிம்பைச் சற்று உள்ளே மடித்ததும் போதுமானதாக இருந்தது. இடப்பக்கத்துக்கானதில் குறை ஆழமானது. மடிப்புக் கோடு கதவோரத்தில் 3 மி.மீ. தாழ்ந்து வந்தது. மேல் ஓரத்தைக் கவுலோடு சேர்த்தால் கோடு தாழ்ந்தது. கோட்டைக் கதவோடு நேராக்கினால் மேலே கவுலில் படி விழுந்தது. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவும் அசலைவிடத் தட்டை. பழைய மட்கார்டை எறியாமல் வைத்திருந்ததால், அதிலிருந்து எடுத்த அட்டை வார்ப்பைப் புதியதன்மேல் வைத்துப் பார்த்தவுடன் வித்தியாசம் தெரிந்தது. வாயிலின் அளவுகள் ஏற்கெனவே இரண்டு வழிகளில் உறுதியாகியிருந்ததால், இங்கே குறை தகட்டில்தான் என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. உரிமையாளரும் அதை நேரில் பார்த்து ஏற்றுக்கொண்டார். அசல் அச்சில் செய்த மட்கார்டு வந்ததும், எல்லா போல்ட்டுகளையும் தளர்வாகத் தொடங்கி, கவுலோரத்தையும் கதவோரத்தையும் முதலில் இறுக்கி, முன்பக்கத்தைக் கடைசியில் இறுக்கினோம். அதற்கும் கதவோரத்தில் சற்றுத் தட்டல் தேவைப்பட்டது. அசல் அச்சு என்பதால் தானாக வந்து உட்காரும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆலையிலேயே இந்தத் தகடுகளைக் கையால் தட்டித்தான் பொருத்தினார்கள், சேர்ப்புகளில் ஈயம் உருக்கி நிரப்பி அரத்தால் தேய்த்தார்கள்.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். காட்சிப் போட்டிக்குப் போகும் கார்களில் இன்று கேட்கப்படும், சுற்றிலும் 3 மி.மீ. என்ற ஒரே சீரான இடைவெளி அபிங்டனிலிருந்து வெளிவந்த எந்த எம்.ஜி.பி.யிலும் இருந்ததாக நான் நம்பவில்லை. கைபடாத பழைய கார்களை அளந்து பார்த்தால் ஒரே கதவில் 4-உம் 6-உம் இருக்கும். காரின் விளிம்புகளையெல்லாம் பற்றவைத்துத் தேய்த்து அப்படி ஒரு சீரைக் கொண்டுவர முடியும். உரிமையாளர் இந்தக் காரைச் சாலையில் ஓட்டுகிறவர் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை.

பட்டைக்கான துளைகள் வலப்பக்க மாற்றுத் தகட்டில் ஏற்கெனவே இடப்பட்டிருந்தன, அவை நேர்கோட்டில் இல்லை. அவற்றைப் பற்றவைத்து அடைத்துவிட்டு, கதவிலுள்ள துளைகளிலிருந்து நூல் பிடித்துப் புதிதாகத் துளைத்தோம். இந்தக் காரில் பானட் இரும்பு. 1960-களின் கார்களில் வந்த அலுமினிய பானட்டாக இருந்திருந்தால் விளிம்பைத் தட்டுவதில் இன்னும் கவனம் தேவைப்பட்டிருக்கும்.

மூடுதல்

எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாக மாட்டிப் பார்த்து, கழற்றி, வண்ணத்துக்கு அனுப்பினோம். மட்கார்டைத் தனியாகவும், அது போய்ச் சேரும் முன் தூணையும் சில்முனையையும் தனியாகவும் பூசிய பிறகே மாட்டியதால், சேறு படியும் அந்த மூலையில் இரு முகங்களிலும் வண்ணம் இருக்கிறது. விளிம்புகளில் சீலர், சேறு தடுக்கும் தகட்டுக்குப் புது ரப்பர், போல்ட்டுகளுக்கு மெழுகு. சில்லுக்குள் நீளக் குழாய் முனையால் துருத்தடுப்பு மெழுகைச் செலுத்தியபோது அடியிலுள்ள வடிகால் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் அது சொட்டுவதைப் பார்த்தோம். பற்றவைப்பின் சூட்டில் உள்ளேயிருந்த பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் இந்த மெழுகைத் தவிர்க்கவே முடியாது. அதைப் பற்றவைப்புக்கு முன் செலுத்தினால் தீப்பிடிக்கும்.

கார் திரும்பப் போகும்போது இடப்பக்கக் கதவின் பின்விளிம்பில் மேலே 4, கீழே 4.5. வலப்பக்கக் கதவு வாயிலை நாங்கள் தொடவில்லை. பானட்டுக்கும் வலப்பக்க மட்கார்டுக்கும் இடையே மட்டும், பின்மூலையில் இடைவெளி இடப்பக்கத்தைவிட 1 மி.மீ. கூடுதல். அது மாற்றுத் தகட்டின் மேல் விளிம்பு சற்று வளைந்திருப்பதால் வருவது. அதை நேராக்க விளிம்பை வெட்டிப் பற்றவைக்க வேண்டும் என்று விளக்கியபோது உரிமையாளர் வேண்டாம் என்றார். முன்சக்கரங்களைக் கழற்றி, சேற்றுத் தடுப்புத் தகட்டின் பின்னால் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவுவதும், சில்லின் வடிகால் துளைகளில் கம்பி விட்டுப் பார்ப்பதும் ஆண்டுதோறும் குளிர்காலம் முடிந்ததும் செய்ய வேண்டியவை என்று எழுதி, பழைய சில்முனையிலிருந்து வெட்டிய மூன்றடுக்குத் துண்டோடு அவரிடம் கொடுத்தனுப்பினோம்.